கொசுவுக்குத் தெரிந்திருந்தது

எங்கள் புழு ஷெட் வாசலில் நின்று நான் முகர்ந்து பார்க்காத கை கிடையாது. உள்ளே போக வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் சுண்ணாம்புத் தூளில் காலை மிதிக்க வேண்டும். பிறகு இரண்டு கையையும் என் மூக்குக்கு நேரே நீட்ட வேண்டும். பவுடர் வாசனை வந்தால் திருப்பி அனுப்புவேன். சென்ட் வாசனை வந்தால் குளித்துவிட்டு வரச் சொல்வேன். என் வீட்டுக்காரர் கையில் பீடி வாசனை வந்த நாளெல்லாம் அவர் வெளியே நின்று தழையை எடுத்துக் கொடுத்ததோடு சரி. "அண்ணி, உங்களப் போலீசு ஸ்டேசன்ல சேத்துக்கிட்டா நாய்க்குப் போடற சோறு மிச்சமாவும்" என்று கொழுந்தனார் கிண்டல் செய்வார். செய்யட்டும். பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் யாராவது ஒருத்திக்கு நாய் மூக்கு இருந்தே ஆக வேண்டும்.

பட்டுப்புழுவைப் போலப் பொல்லாத ஜீவன் வேறு இல்லை. வாசனைக்குச் சாகும், புகைக்குச் சாகும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தக்காளிக்கு மருந்தடித்த காற்று நம் மல்பெரி மேல் பட்டால் அந்தத் தழையைத் தின்றுவிட்டுச் சாகும். எல்லாவற்றையும்விடக் கொசுவர்த்திதான் அதற்கு எமன். கொசுவைக் கொல்வதற்காகச் செய்த மருந்து, புழுவை மட்டும் தனியாக விட்டுவிடுமா? அதனால் பாலக்கோடு பக்கத்தில் புழு வளர்க்கிற எந்த வீட்டிலும் கொசுவர்த்தி கொளுத்தமாட்டார்கள். சுவரில் சொருகும் மருந்தும் கிடையாது, கையில் தேய்க்கும் களிம்பும் கிடையாது. கடித்தால் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் புழுவுக்கு மட்டும் ராஜ மரியாதை. ஊசி ஈ நுழைந்து புழுவின் மேல் முட்டை வைத்துவிடும் என்று ஷெட்டின் ஜன்னல், கதவு எல்லாவற்றுக்கும் நைலான் வலை அடித்திருக்கிறோம். ஒரு கொசுகூட உள்ளே போக முடியாது.

நாங்கள் இரண்டு குடும்பம், ஒரே அடுப்பு. நான் மூத்த மருமகள். என் பிள்ளைகள் இருவரும் சேலத்தில் ஹாஸ்டலில் படிக்கிறார்கள். கொழுந்தனார் தக்காளி மார்க்கெட்டுக்கு டெம்போ ஓட்டுகிறார். அவர் மனைவி, என் ஓரகத்தி, கம்பைநல்லூர்ப் பெண். வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. இரண்டாம் முறை அவள் என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான் சந்தோஷத்தில் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டேன். பத்து நாளில் அதே ஆட்களுக்குத் திரும்பவும் போன் போட வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது சுற்றுப் போனை அவள் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள்.

நான் சொல்லப் போகிற மழைக்காலத்தில் அவள் மூன்றாம் முறையாக உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம் வரை வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று புருஷனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வேறெவரைவிடவும் எனக்குத் தெரியக் கூடாது என்பது சத்தியத்தின் முக்கியமான பகுதி. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் கொசு அவளைக் கடிக்கிறது, எங்களை அவ்வளவாகக் கடிக்கவில்லை என்பதுதான்.

நான் சந்தேகப் பிராணி, அதை ஒளிக்க மாட்டேன். பால்காரர் ஊற்றும் பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். சிலிண்டர் வந்தால் எடை போடாமல் வாங்க மாட்டேன். திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவரைக்கூட ஓரக்கண்ணால் பார்த்து, இவருக்கு வந்தது நிஜமா என்று யோசித்துக்கொண்டேதான் திருநீறு வாங்குவேன். அப்படிப்பட்ட எனக்கு, ஒரே முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தழை ஆய்கிற இரண்டு பேரில் ஒருத்தி மட்டும் 'பட் பட்' என்று காலில் அடித்துக்கொண்டே இருந்தால் என்ன தோன்றும்? நடிக்கிறாள் என்று தோன்றியது. தர்மபுரியில் வாடகைக்கு வீடு பார்த்துப் போவதற்கு அடி போடுகிறாள் என்று முடிவு கட்டினேன்.

"இந்தத் தோட்டத்துல கொசு எனக்கு மட்டும் இல்லியா? என்னைத் தொடுதா பாரு" என்றேன்.

"தெரியலீங்கக்கா. வந்து வந்து என் கால்லியே உக்காருது."

சோதித்துவிடலாம் என்று இறங்கினேன். ஒரு சாயங்காலம் இருவரும் வாசல் படியில் முழங்கால் வரை புடவையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அவள் காலில் ஒன்பது தடிப்பு, என் காலில் ஒன்று. நடிப்பில்லை. சரி, சோப்பில் கோளாறு என்று என் சோப்பைக் கொடுத்துக் குளிக்கச் சொன்னேன். மறுநாளும் அதே கதை. அவள் அடர் நீலப் புடவை கட்டியிருக்கிறாள், நான் வெளிர் மஞ்சள் என்று தோன்றியது. புடவையை மாற்றிக் கட்டினோம். மஞ்சள் புடவையையும் தேடிப் போய் அவளையே கடித்தது. தலையில் பூ வைக்காதே என்றேன், தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்றேன், இடம் மாறி உட்கார வைத்தேன். கொசு என் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டே இருந்தது. அவளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நான் சொன்னதையெல்லாம் செய்தாள். அதுவே எனக்கு உறுத்தியது. இவ்வளவு அடக்கம் ஒருத்திக்கு எதற்கு?

தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு பார்க்க வாராவாரம் ஒரு பெண் வருவாள். டார்ச் அடித்து டிரம், உரல், பிளாஸ்டிக் குடம் எல்லாம் பார்த்துவிட்டுச் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள், கொசுவை 'சொள்ளே' என்பாள். மருந்து புழங்குகிற கை என்பதால் அவளை நான் ஷெட் பக்கமே விடுவதில்லை. அந்த வாரம் அவளை உட்கார வைத்து, ஒருத்தியை மட்டும் ஏன் கடிக்கிறது என்று கேட்டேன்.

"சொள்ளேக்கு மொதல்ல தெரியறது நம்ம மூச்சுங்க" என்றாள். "நாம விடற காத்தத் தூரத்துல இருந்தே புடிச்சிக்கும். கிட்ட வந்தா ஒடம்பு சூடு, வேர்வ வாசன. அடர் கலரு கண்ணுல படும். எல்லாம் சேந்து வந்தாத்தான் உக்காரும்."

"உக்காந்தா உடனே கடிக்குமா?"

"ஊசிய எறக்கி ருசி பாக்கும். ரத்தத்துல இருக்கற ருசி பட்டாத்தான் வயிறு முட்டக் குடிக்கும். அதுவும் பொட்டக் கொசு மட்டுந்தான். முட்ட வெக்கறதுக்கு அதுக்கு ரத்தம் வேணுமில்லீங்களா."

இதேபோல ஒன்றைப் பட்டு வளர்ப்புப் பயிற்சியில் நான் கேட்டிருக்கிறேன். மல்பெரித் தழையில் இருக்கிற ஒரு வாசனை புழுவைக் கூப்பிடுமாம், ஒரு ருசி கடிக்க வைக்குமாம், இன்னொன்று விழுங்க வைக்குமாம். அழைப்பது ஒன்று, தின்ன வைப்பது வேறொன்று. கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. "அது சரி, ஒரே எடத்துல ரெண்டு பேரு இருந்தா ஒருத்தர மட்டும் எதுக்குத் தேடிப் போவுது?" என்றேன்.

"ஒவ்வொருத்தரு ஒடம்பும் ஒவ்வொரு மாதிரிங்க. மூச்சு அதிகமா வாங்கறவங்க, ஒடம்பு சூடு ஏறி இருக்கறவங்க, அப்புறம்..." என்றவள் என் ஓரகத்தியைப் பார்த்தாள்.

"மோர் குடிக்கறீங்களாக்கா?" என்று அவளிடம் கேட்டுவிட்டு ஓரகத்தி சட்டென்று எழுந்துபோனாள். கொசுப்புழு பார்க்க வந்தவளும் பேச்சை அதோடு விட்டுவிட்டுச் சுவரில் தேதி எழுதப் போய்விட்டாள். கர்ப்பிணிகளைக் குறித்து வைக்கும் கிராம நர்ஸின் நோட்டில் யார் பெயர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் எனக்கு எங்கே புத்தி போயிற்று என்றால், இவர்கள் இருவரும் எதையோ கொடுத்து வாங்குகிறார்கள் என்று போயிற்று. கொசு மருந்து ஏதோ கைமாறுகிறது என்று எழுதி வைத்த மாதிரி நம்பினேன்.

அதற்கேற்றாற்போல் அடுத்த வாரம் கடி நின்றுவிட்டது.

காலையில் ஒன்றிரண்டு அடி கேட்கும். மத்தியானத்துக்குப் பிறகு சத்தமே இல்லை. சாயங்காலம் அவள் காலைப் பார்த்தேன், பழைய தடிப்பு காய்ந்திருந்தது, புதிதாக ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "கம்மியாயிடுச்சிக்கா" என்றாள். மழை விடவில்லை, தோட்டம் முழுக்கக் கொசு ரீங்காரம். இவளுக்கு மட்டும் கம்மியாகிவிட்டதாம். ராத்திரிக்குக் கட்டிலில் வலை இருக்கிறது, அது கொழுந்தனார் எப்போதோ வாங்கிப் போட்டது. பகலில் எப்படிக் கம்மியாகும்? அறையைப் பூட்டிக்கொண்டு கொசுவர்த்தி கொளுத்துகிறாள் என்று எனக்குப் பட்டது. புழு அப்போது நான்காவது முறை தோலுரித்து எழுந்து, சுண்டுவிரல் பருமனுக்கு வந்து, இரவும் பகலும் மழை பெய்கிற மாதிரிச் சத்தத்தோடு தழை தின்றுகொண்டிருந்தது. இன்னும் நாலைந்து நாளில் கூடு கட்ட ஏறிவிடும். இந்த நேரத்தில் ஒரு புகை வந்தால் மூன்று வாரப் பாடும் குப்பைக்குப் போகும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் அறையில் குப்பைக்கூடையைக் கிளறினேன், ஜன்னல் கட்டையில் சாம்பல் இருக்கிறதா என்று விரலால் தடவினேன். வாசலில் அவள் கையை மற்றவர்கள் கையைவிட இரண்டு மடங்கு நேரம் முகர்ந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இருபத்திரண்டு வருஷமாக வீட்டில் கொசுவர்த்தியே இல்லை. அதன் வாசனை எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? தெரியாத வாசனையை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்?

பாலக்கோட்டுக்கு பஸ் ஏறிப் போய் ஒரு சுருள் பாக்கெட் வாங்கினேன். எங்கள் ஊர்க் கடையில் வாங்கினால், புழு வீட்டுக்காரி கொசுவர்த்தி வாங்கினாள் என்று நான் வீடு திரும்புவதற்குள் பேச்சு ஊரெல்லாம் பரவிவிடும். பையில் கத்தரிக்காய்க்கு அடியில் ஒளித்துக்கொண்டு வந்தேன். எருக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுருளில் விரற்கடை அளவு ஒடித்து, உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தேன். மற்றதையெல்லாம் குழியில் ஆழமாகப் புதைத்தேன். கையைச் சோப்பு போட்டு மூன்று முறை கழுவினேன். அந்த விரற்கடைத் துண்டை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டேன். மூக்கு மறந்துபோகும் இல்லையா? வாசலில் அவள் கையை முகர்வதற்கு முன்னால் ஒருமுறை முடிச்சை முகர்ந்துகொண்டால் வித்தியாசம் தெரியும் என்று கணக்குப் போட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். நானும் வீட்டுக்காரரும் மல்பெரி வெட்டிக்கொண்டு வந்தோம். ஷெட் கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது. தள்ளித் திறந்தேன். கிழக்கு ஜன்னல் ஓரம், தழைச் சாக்கின் மேல் சாய்ந்துகொண்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். கால் வரை புடவையை இழுத்து மூடியிருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே இருந்த தட்டில் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் கக்கியிருந்தன. சில ஏற்கனவே சுருங்கி, அரை நீளத்துக்கு வந்துவிட்டன.

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். அரைத் தூக்கத்தில் விழித்தவளின் கையை மூக்கில் வைத்தேன். வந்தது. சத்தியமாக அந்த வாசனை வந்தது.

"இதுக்குத்தான் கதவச் சாத்திக்கினியா?" என்று கத்தினேன். "கையில கொசுவத்தி நாறுது. என் புழுவக் கொன்னுட்டு இங்கியே படுத்துத் தூங்கறியா?"

"இல்லீங்கக்கா. நான் எதையும் கொளுத்தல. இங்க வலை இருக்குதுன்னு வந்தேன்."

"வலை எதுக்கு உனக்கு? நீ என்ன பட்டுப்புழுவா?"

அவள் வாயைத் திறந்தாள். என்னையும் என் பின்னால் நின்ற என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பகல் கொசுதான் டெங்குக் கொசு, பகலில் கடி படாமல் இரு, இந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து என்று நர்ஸ் அவளுக்குச் சொல்லியிருந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வேலை நடக்கிற வீட்டில் பட்டப்பகலில் கட்டில் வலைக்குள் உட்கார்ந்தால் நான் சும்மா விடுவேனா? களிம்பு தேய்க்க முடியாது, தழை தொடுகிற கை. கொசு வராத ஒரே இடம் புழு ஷெட். நான் தோட்டத்துக்குப் போகிற நேரம் பார்த்து, காலைச் சுண்ணாம்பில் மிதித்துவிட்டு, தன் கையைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தினமும் உள்ளே போயிருக்கிறாள்.

அந்தத் தட்டு முழுவதும் போயிற்று. மற்ற தட்டுகள் தப்பின. இருட்டுவதற்கு முன்னால் டெம்போவோடு வந்த கொழுந்தனாரிடம் நான் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். அவர் நேராக அவளிடம் போய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கொளுத்தினியா?"

வெளியில் சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்துகொடுத்த மனிதரே கேட்டுவிட்ட பிறகு என்ன சொல்வாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கம்பைநல்லூர் போய்விட்டாள். எனக்கு அப்போது வருத்தமில்லை. நான் நினைத்தது சரி என்று ஆகிவிட்ட நிம்மதிதான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, ஷெட் வேலைக்குக் கட்டும் புடவையைத் துவைக்க ஊறப்போடப் போனபோது முந்தானை முடிச்சு கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்தேன். உள்ளே துண்டு இல்லை. பச்சைத் தூள்தான் இருந்தது. முடிச்சுத் துணியின் இழைகளுக்குள்ளெல்லாம் அந்தத் தூள் ஏறியிருந்தது. தழை போடும்போது குனிந்து குனிந்து அந்த முந்தானை எந்தெந்தத் தட்டில் உரசியது என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டியதில்லை. கிழக்கு ஜன்னல் ஓரத் தட்டு உயரமானது. எக்கித்தான் தழை போட வேண்டும். எக்கும்போது முந்தானை சரியும், நான் அதை வலது கையால் இழுத்துச் சொருகிக்கொண்டு அதே கையால் தழையைப் பரப்புவேன்.

அந்த வலது கையால்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் கையில் வந்த வாசனை என்னுடையது.

துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதுதான் நான் செய்ததிலேயே கேவலமானது. தெரியாமல் செய்தது ஒரு நாள், தெரிந்து மூடி வைத்தது ஆறு நாள். புழு கூடு கட்ட ஏறுகிற நேரம், தலைக்கு மேல் வேலை, முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்காரர் சாப்பிடும்போது ஏறிட்டுப் பார்த்தால்கூட, இவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன். கொசுப்புழு பார்க்கிற பெண் வந்தபோது, அவள் டார்ச் வெளிச்சம் எருக்குழிப் பக்கம் போகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். போகிற போக்கில், "சின்னக்கா எங்கீங்க? அவங்க ஜாக்கிரதையா இருக்கணும்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எதையும் கேட்கிற தெம்பு எனக்குப் போயிருந்தது.

அந்த வார முடிவில் கொழுந்தனாருக்குப் போன் வந்தது. அவளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், டெங்கு. போனை வைத்துவிட்டு அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, "நாலு மாசம் அண்ணி" என்றார். "இந்தத் தடவ நாலு மாசத்தத் தாண்டிட்டா அண்ணி."

எந்தக் கொசு என்று யாருக்குத் தெரியும்? கம்பைநல்லூர்க் கொசுவாக இருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக் கொசுவாக இருக்கலாம். அன்று காலை பஸ்ஸுக்காக எங்கள் வாசலில் அவள் தனியாக நின்றுகொண்டிருந்தாளே, யாரும் கூட நிற்காத அந்த அரை மணி நேரத்துக் கொசுவாகவும் இருக்கலாம். என் வரைக்கும் நான் அதைத்தான் நம்புகிறேன்.

காய்ச்சல் வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் வலை கட்டியிருந்தார்கள். அவள் வலைக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. ரத்தத்தில் தட்டணு குறைந்திருக்கிறது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும், குழந்தைக்குத் துடிப்பு இப்போதைக்கு இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கொழுந்தனார் கால்மாட்டில் நின்றார். நான் முந்தானைத் தூளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். பிரித்துக் காட்டினேன். பாலக்கோட்டில் வாங்கியது, முடிந்துகொண்டது, தட்டில் உரசியது, வலது கை, ஆறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அழாமல்தான் சொன்னேன். அழுதால் நடிக்கிறேன் என்று அவள் நினைப்பாள், நானாக இருந்தால் அப்படித்தான் நினைப்பேன்.

கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். அவள் வலைக்குள்ளிருந்து அந்தத் தூளைப் பார்த்தாள்.

"அந்தக் காயிதத்தக் கொண்டுபோய் வெளிய போடுங்கக்கா" என்றாள்.

போட்டுவிட்டு வந்தேன்.

"கையக் காட்டுங்க."

உள்ளங்கையை வலையின் மேல் வைத்தேன். அவள் தலையைத் தூக்க முடியாமல் தூக்கி, வலைக்கு அந்தப் பக்கம் மூக்கை வைத்து, நான் எத்தனை நேரம் அவளை முகர்வேனோ அத்தனை நேரம் முகர்ந்தாள். அவள் மூச்சு அனலாக வந்தது.

"எல்லார் கையையும் மோந்து பாத்தீங்க" என்றாள். "உங்க கைய யாருக்கா மோந்து பாத்தாங்க?"

இரண்டு நாளும் அந்தக் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கித் தட்டணு ஏறியது. துடிப்பும் இருந்தது. வெயில் காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. அந்தச் செய்தியை யாருக்கும் நான் போன் போட்டுச் சொல்லவில்லை. அவளே ஒவ்வொருவராகச் சொல்லி முடிக்கிற வரை காத்திருந்தேன்.

தனிக்குடித்தனம் போவாள் என்று நினைத்தேன். போயிருந்தால் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து மாதக் குழந்தையோடு திரும்பி வந்தாள். வந்த அன்றே வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் வலை அடிக்கச் சொன்னாள், அடித்தோம். அடுத்த புழு வந்த நாள் நான் ஷெட் வாசலுக்குப் போனபோது, அவள் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தாள். நான் காலைச் சுண்ணாம்பில் மிதித்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். முந்தானையையும் பிரித்துக் காட்டினேன்.

அன்றிலிருந்து வாசல் அவளுடையது. கையை முகர்ந்துவிட்டு, போகலாம் என்று தலையை ஆட்டுவாள். தலையை ஆட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். ஒரு நாள் தலையை ஆட்டாமல் நின்றுவிட்டால் என்ன சொல்லித் தப்பிப்பது என்று, ஒன்றும் செய்யாத நாளிலும் யோசித்துக்கொண்டே நிற்பேன்.

இன்று காலையும் அப்படித்தான் நின்றேன். மழை விட்ட நேரம். நீட்டிய கையில், முழங்கைக்குக் கீழே ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. கொசு என்னைத் தொடாது என்று பீற்றிக்கொண்டவள் நான். ஊசியை இறக்கியது தெரிந்தது. அவளும் அதைப் பார்த்தாள். அடிக்க வேண்டுமென்றால் ஒரு கையை அவள் மூக்கிலிருந்து எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. அது வயிறு சிவக்கக் குடித்துவிட்டுப் பறந்துபோகிற வரைக்கும் அவள் என் கையை முகர்ந்துகொண்டிருந்தாள்.